'மேரக்ஸ் பாசிட்டிவ்' ரிப்போர்ட்டை நம்பி 38,000 ரூபாய் போனது: முட்டைக்கோழிப் பண்ணைக்காரர்கள் கவனத்துக்கு

நாமக்கல் பக்கம் ஆறாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். இப்போதிருக்கும் பேட்ச் 22 வாரத்தைத் தொட்டபோது தினமும் ஒன்று, இரண்டு என்று சாக ஆரம்பித்தது. கொண்டை வெளுத்து, வயிறு பெருத்து, கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தும். தீவனம் மாற்றினேன், லிவர் டானிக் கொடுத்தேன். 24ஆம் வாரத்தில் ஒரே நாளில் ஒன்பது போனது.

குஞ்சு கொடுத்த ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். "நம்ம லேப் இருக்குதுங்கண்ணா, டெஸ்டுக்கு ஒரு ரூபாய் வேண்டாம்" என்றார். அந்த 'நம்ம'வை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். ஒரு பையன் வந்து பத்துக் கோழியில் இறகு பிடுங்கிக்கொண்டு போனான். செத்த கோழி ஒன்றைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை. நான்கு நாளில் ரிப்போர்ட் வந்தது: பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்), மேரக்ஸ் பாசிட்டிவ். மேரக்ஸ் என்பது கோழியின் நரம்பிலும் ஈரல் போன்ற உறுப்புகளிலும் கட்டி வைக்கும் வைரஸ் நோய். "ஷெட்ல பழைய இறகுத் தூசி இருந்திருக்குதுங்கண்ணா, நீங்க சரியாக் கழுவல" என்று பழியை என் தலையில் கட்டினார். கிருமிநாசினி, எதிர்ப்புசக்தி பவுடர், மறுபடியும் மேரக்ஸ் ஊசி என்று 38,000 ரூபாய் பில்.

மேரக்ஸ் ஊசி, குஞ்சு பொரித்த அன்றே ஹேட்சரியில் போடுவது. வைரஸ் உள்ளே போன பிறகு, அதுவும் முட்டையிடும் கோழிக்குப் போட்டு என்ன பிரயோஜனம்? தெரிந்தும் பயத்தில் போட்டேன்.

சாவு நிற்கவில்லை. அப்புறம்தான் நோய்ப்பட்ட ஐந்து கோழிகளை உயிரோடு கூடையில் வைத்து வெட்டினரி காலேஜுக்குக் கொண்டுபோனேன். (அதற்கு முன் ஒரு கோழியின் ஈரலை வீட்டு ஃப்ரீசரில் வைத்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. உறைந்த திசு மைக்ரோஸ்கோப்புக்கு ஆகாதாம். 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும்.)

டாக்டர் முதலில் தொடைக்குள் ஓடும் நரம்பைப் பிரித்துக் காட்டினார். இரண்டு காலிலும் ஒரே கனம், பளிச்சென்று வெள்ளை. மேரக்ஸாக இருந்தால் பல கோழிகளில் ஒரு பக்க நரம்பு மட்டும் தடித்து, மேலே இருக்கும் குறுக்குக் கோடுகள் மறைந்திருக்குமாம். ஆனால் நரம்பை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார். ஈரல் வயிறு முழுக்க அடைத்துக் கிடந்தது. ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா (எதிர்ப்புசக்தி செல்கள் வளரும் பை), இந்த வயதில் சுருங்கத் தொடங்கியிருக்க வேண்டியது, விரலால் அழுத்தினால் முடிச்சு முடிச்சாக நின்றது. திசுவைச் சாயம் ஏற்றிப் பார்த்ததில் கட்டியின் செல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. மேரக்ஸில் சின்னதும் பெரியதுமாகக் கலந்து இருக்கும். முடிவு: லிம்பாய்டு லுக்கோசிஸ், வேறொரு வைரஸால் வரும் கட்டி நோய்.

பெயர் மாறினால் பழியும் இடம் மாறும். மேரக்ஸ் முட்டை வழியாக வராது, இறகுத் தூசியில் பரவுவது. அதனால் ஷெட் வைத்திருப்பவன் குற்றவாளி. லுக்கோசிஸ் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும், பிறகு குஞ்சுக்குக் குஞ்சும் ஒட்டும். அதற்குத் தடுப்பூசியே கிடையாது. தாய்க்கோழிகளைச் சோதித்துக் கழிப்பதுதான் வழி, அது குஞ்சு விற்பவர் செய்ய வேண்டிய வேலை. குஞ்சு விற்றவரின் லேப் எந்தப் பெயரை எழுதும்?

அப்படியானால் அந்த 'பாசிட்டிவ்' பொய்யா? அதுவும் இல்லை, அங்கேதான் சாமர்த்தியம். ஊசி போட்ட கோழியின் இறகில் தடுப்பூசி வைரஸே இருக்கும். அதையும் நோய் வைரஸையும் பிரித்துக் காட்டாத டெஸ்டென்றால் நன்றாக இருக்கும் பேட்சிலும் பாசிட்டிவ் வரலாம். உங்கள் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால் லேபில் அதை மட்டும் கேளுங்கள்: "இது ஊசி வைரஸா, வெளி வைரஸா?" நான் கேட்டதற்கு அந்தப் பையன் "சார்கிட்ட கேட்டுச் சொல்றேண்ணா" என்றான்.

காலேஜ் ரிப்போர்ட்டை ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்து பதினாறு நாள் ஆகிறது. அடுத்த பேட்ச் குஞ்சுக்கு அட்வான்ஸ் கேட்டு மட்டும் நேற்று மெசேஜ் வந்தது.