மெர்ரி ஃபிஷர் 895: ஆறு பேர் உறங்க இடம் போதுமா?

பிரான்சின் ஜானோ நிறுவனத் தயாரிப்பான மெர்ரி ஃபிஷர் 895, ஏறத்தாழ 9 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட குடும்பப் படகு. அவுட்போர்டு என்ஜின்கள் படகின் பின்புறத்தில் வெளியே பொருத்தப்படுவதால், உள்ளே என்ஜின் அறைக்கென இடம் ஒதுக்க வேண்டியதில்லை. அந்த மிச்சம் கீழ்த்தளத்தில் இரண்டு தனி அறைகளுக்குக் கைகொடுக்கிறது.

அணியப் பக்க, அதாவது படகின் முன்பக்க, அறையின் இரட்டைப் படுக்கை பெரியவர்கள் இருவருக்குத் தாராளம். நங்கூரமிட்ட இரவில் அலை மோதும் ஓசை அங்கேதான் அதிகம் கேட்கும். இரண்டாவது அறை மேல்தளக் கூடத்துக்கு அடியில் செருகப்பட்டிருப்பதால் படுக்கைக்கு மேலே கூரை தாழ்வு. உட்கார்ந்து சட்டை மாற்ற முயல்பவர் தலைகுனிந்தே ஆக வேண்டும். சிறுவர்கள் அதைக் குகையாக்கிக் கொண்டாடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கூடத்தின் சாப்பாட்டு மேசையை இறக்கி, மேலே மெத்தையை இட்டால் மேலும் இருவர் படுக்கலாம். ஆனால், அவர்கள் எழுந்து படுக்கையைக் கலைக்கும் வரை மற்றவர்களுக்குக் காலை உணவு மேசை கிடையாது. முதலில் விழித்தவர் பின்தளத்துக்குப் போகவும் அவர்களைத் தாண்டியே நடக்க வேண்டும். எனவே, ஓரிரவுக்கு ஆறு பேர் சரி. ஒரு வாரப் பயணத்துக்கு நால்வரே பொருத்தம். உயரமானவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டாவது அறையில் ஒருமுறை படுத்துப் பார்ப்பது நல்லது.