வாக்கெடுப்பா, சாட்டா?

ஜூமில் கணக்குப் பதிவியல் வகுப்பு எடுக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது கேட்காவிட்டால் கவனம் கலைந்துவிடும். எதில் கேட்பது?

"டீக்கடைக்காரர் 3,000 ரூபாய்க்குப் பால் கடனுக்கு வாங்கினார். எந்தக் கணக்கில் பற்று (டெபிட்)?" என்று சாட்டில் கேட்டேன். முதல் ஆள் சரியாக 'கொள்முதல்' என்று போட்டதும், கீழே மளமளவென்று 'கொள்முதல்', 'கொள்முதல்'. புரிந்துவிட்டது என்று நம்பி அடுத்த பாடத்துக்குப் போனேன். மறு வாரம் அதே மாதிரிக் கேள்வியைப் பெயர் தெரியாத வாக்கெடுப்பாக வைத்தேன். பாதிப் பேர் பால்காரர் கணக்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மனசு கஷ்டமாகிவிட்டது.

போனில் பார்ப்பவர்களுக்கும் வாக்கெடுப்புதான் வசதி. திரையில் தானாக வந்து நிற்கும், தொட்டால் போதும். சாட்டைத் தேடித் திறந்து தமிழில் டைப் செய்வது பெரும்பாடு.

ஆனால் ஏன் தப்பாக நினைத்தார்கள் என்பதை வாக்கெடுப்பு சொல்லாது. "பணம் பால்காரருக்குத்தானே போகப்போகிறது?" என்று ஒருவர் சாட்டில் எழுதிய பிறகுதான் குழப்பம் எங்கே என்று பிடிபட்டது.

அதனால் இப்போது முதலில் வாக்கெடுப்பு, அப்புறம் சாட்டில் காரணம். டைப் செய்து வைத்திருங்கள், நான் சொன்னதும் அனுப்புங்கள் என்பேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது இதில் நின்றுவிட்டது.