மின்சார ஸ்கூட்டர், மூன்று வருஷ வாரண்டி முடிந்த பிறகு: பேட்டரி ரிப்பேரும் சார்ஜிங் பிளக்கும்

திருப்பூரில் நூல் கமிஷன் வேலை எனக்கு. பகல் முழுக்க வண்டியில்தான். 2021 கடைசியில் வாங்கிய மின்சார ஸ்கூட்டர் இன்றும் ஓடுகிறது, ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 3 கிலோவாட்-மணி பேட்டரி. முழு சார்ஜுக்கு வீட்டு மீட்டரில் மூன்றரை யூனிட் பக்கம் ஏறும். டயர், பிரேக் ஷூ தவிர பெரிய செலவு வைத்ததில்லை.

தலைவலி வந்தது வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில். மீட்டர் 30 சதவீதம் காட்டும், அவிநாசி ரோடு மேம்பாலம் ஏறும்போது சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கி வண்டி நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரி பேக்கையே மாத்தணும் சார்" என்றார்கள். வண்டி விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். எந்த செல் கெட்டது, ஏன் கெட்டது என்று கேட்டால் பதில் இல்லை. பேக்கைத் திறக்க அவர்களுக்கே அனுமதி கிடையாதாம்.

கோயம்புத்தூரில் லித்தியம் பேக் வேலை மட்டும் செய்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி, சீலன்ட்டைச் சுரண்டி எடுக்கவே அரைநாள் ஆனது. உள்ளே 14 செட் செல்கள் வரிசையாக. ஒவ்வொரு செட்டும் பல செல்களைப் பக்கவாட்டில் இணைத்தது. பட்டறைக்காரர் மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றின் வோல்டேஜையும் சொல்லிக்கொண்டே வந்தார்: 3.5, 3.5, 3.5... ஒரே ஒரு செட்டில் மட்டும் 3.1. "செல் சாகலைங்க, வெல்டு விட்டிருக்குது" என்று ஊசிமுனையால் தூக்கிக் காட்டினார். நிக்கல் பட்டை செல்லின் தலையிலிருந்து மயிரிழை விலகி நின்றது. நம் ஊர் ரோட்டுக் குலுக்கல் செய்த வேலை.

இரண்டு செல் இணைப்பில் இல்லாததால் அந்த செட்டின் கொள்ளளவு குறைவு. மற்ற பதின்மூன்றுக்கு முன்பே அது காலியாகிவிடும். ஒரு செட் அடிமட்டத்தைத் தொட்டாலும், செல்களைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் போர்டு மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். அது சரியான வேலைதான். நிறுத்தாவிட்டால் அந்த செல்கள் நிரந்தரமாகக் கெடும். துண்டித்துக் கிடந்த செல்களைத் தனியாக, மற்றவற்றின் வோல்டேஜுக்குக் கொண்டுவந்த பிறகே ஸ்பாட் வெல்டு வைத்தார். அப்படியே ஒட்டினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரண்ட் பாயும். ராத்திரி முழுக்க எல்லா செட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ், மறுநாள் லோடு டெஸ்ட், புது கேஸ்கெட். பேக் விலையோடு பார்த்தால் கூலி சொற்பம். பழைய ரேஞ்சில் பெரும்பகுதி திரும்பிவிட்டது.

என் வண்டியின் பிஎம்எஸ் போர்டு நன்றாக இருந்ததால் தப்பித்தேன். சில மாடல்களில் போர்டும், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரும் சாஃப்ட்வேரால் பூட்டியிருக்கும். போர்டை மாற்றினால் கம்பெனி லாகின் இல்லாமல் வண்டி உயிர் பெறாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளை இப்படிப் பூட்டிவைப்பது அநியாயம். பாதுகாப்பு என்பார்கள். 2022 மின்சார ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கியதை மனதார வரவேற்கிறேன். வீட்டு மேஜையில் யாரும் பேக்கைத் திறக்கவே கூடாது. பயிற்சி பெற்ற பட்டறைக்காரருக்கு வழி விடுவது வேறு சங்கதி. ஐரோப்பிய யூனியனின் 2023 பேட்டரி சட்டப்படி, இந்த மாதிரி இலகு வாகன பேக்கை மட்டுமல்ல, உள்ளிருக்கும் தனி செல்லையும் வெளி மெக்கானிக் கழற்றி மாற்றும்படி அமைத்திருக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல் அமல். நமக்கும் அது வேண்டும்.

அடுத்தது பிளக். கார்க்காரர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இன்று இங்கே விற்கும் மின்சார கார்களில் ஏறக்குறைய எல்லாமே சிசிஎஸ்-2 என்ற ஒரே வகை பிளக். இரண்டு சக்கரத்தில் கம்பெனிக்கு ஒரு பிளக். பல்லடம் தாண்டி ஒரு பேக்கரி வாசலில் வேகமான சார்ஜர் சும்மா நிற்கும், என் வண்டியில் 12 சதவீதம் இருக்கும், பிளக் பொருந்தாது. உள்ளே போய் 16 ஆம்பியர் பாயின்ட் கேட்டு, டீ மேல் டீ குடித்து உட்கார்ந்திருப்பேன். பேக்கரி அண்ணன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சில இடங்களில் எர்த் சரியில்லாமல் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி மறுத்துவிடும். அதை ஏமாற்ற வழி தேடாதீர்கள்.

ஸ்கூட்டர் கம்பெனியான ஏத்தர் உருவாக்கிய எல்இசிசிஎஸ் பிளக்கை 2023இல் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பு, இந்தியத் தரமாக ஏற்றது: ஐஎஸ் 17017, பகுதி 2, பிரிவு 7. ஒரே பிளக்கில் ஏசியும் டிசியும் போகும். ஹீரோவின் விடா வண்டிகளும் அதே பிளக்தான். தன் கண்டுபிடிப்பை ஏத்தர் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது நல்ல காரியம். ஆனால் கட்டாயமில்லை என்பதால் எல்லாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது அண்ணன் மகளுக்கு வண்டி பார்க்கிறோம். ஷோரூமில் பாப்பா கலர் பார்க்கப் போய்விட்டாள். நான் சார்ஜிங் மூடியைத் திறந்து எந்த பிளக் என்று பார்த்துவிட்டு, வாரண்டி தாளில் பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், வாரண்டி முடிந்தபின் பேக்கைத் திறந்து பார்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பதில் வந்த பிறகுதான் அட்வான்ஸ்.