பந்தெறியும் இளைஞரா, மட்டை பிடிக்கும் இளைஞரா?

உண்மை வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் கணக்கை வைத்துப் போட்டியிடுவது ஃபேன்டஸி பேஸ்பால். நாங்கள் பன்னிரண்டு பேர் ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் அத்தகைய லீகில், 2024 பிப்ரவரியில் என் அணியில் இளம் வீரருக்கென ஒரே ஓர் இடம்தான் மீதமிருந்தது. அந்த இடத்தில் நான் வைத்திருந்தவர் மயாமி மார்லின்ஸ் அணியின் பிட்சர் (பந்தெறிபவர்) யூரி பெரெஸ். அவரைக் கொடுத்தால் மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் பேட்டர் (மட்டை பிடிப்பவர்) ஜாக்சன் சூரியோவைத் தருவதாக ஒரு நண்பர் சொன்னார். பெரெஸ் அதற்கு முந்தைய ஆண்டே, இருபது வயதில், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் 91 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 108 பேரை ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க விடாமல் ஆட்டமிழக்கச்) செய்தவர். சூரியோவோ மேஜர் லீகில் அதுவரை ஒரு பந்தைக்கூடச் சந்திக்காதவர். ஆனால் அவருடைய அணி 2023 டிசம்பரிலேயே 8 ஆண்டுகளுக்கு 8.2 கோடி டாலர் ஒப்பந்தத்தை அவருக்குக் கொடுத்திருந்தது. மூன்று நாள் யோசித்த பிறகு, பெரெஸைக் கொடுத்துச் சூரியோவை வாங்கினேன்.

அந்த ஏப்ரலிலேயே பெரெஸுக்கு, முழங்கை நாரைச் சீராக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது. 2024 முழுவதும் ஆடாத அவர் 2025 ஜூனில்தான் திரும்பினார். சூரியோ தம் முதல் பருவத்தில் 21 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, 22 பேஸ்களை (ஓட்டத்தில் தொட வேண்டிய இடங்களை) பந்து அடிக்கப்படாமலேயே ஓடித் திருடினார். இதை என் முன்னறிவுக்குச் சான்றாகச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு முழங்கை எந்த மாதத்தில் அறும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் அந்த முடிவை எடுத்த காரணம் இன்றும் சரியென்றே நம்புகிறேன். பிட்சர், பேட்டர் என்னும் இரு வகை இளம் வீரர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அது விளங்கும்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டர் நாள்தோறும் ஆடுகிறார். தொடக்கப் பிட்சர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஆடுகிறார். ஆனால் ஆடும் அந்த ஒரு நாளில் சிறந்த பிட்சர் செலுத்தும் ஆதிக்கத்தை எந்தப் பேட்டராலும் செலுத்த முடியாது. கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகில் வெளுத்து வாங்கிய பேட்டர்கள் மேஜர் லீகின் வளைபந்துகளுக்கு முன் தடுமாறுவதும் வழக்கமே. ஆகவே திறமையை மட்டும் எடைபோட்டால் இரு தட்டும் ஏறத்தாழச் சமமாக நிற்கும். பழுது ஏற்பட்டால் அதைச் சரிசெய்ய ஆகும் காலத்தைச் சேர்க்கும்போதுதான் ஒரு தட்டு இறங்குகிறது.

1974இல் ஃபிராங்க் ஜோப் என்னும் மருத்துவர், டாமி ஜான் என்னும் பிட்சரின் முழங்கையில் அறுந்த இணைநாருக்குப் பதிலாக, அவருடைய மற்றொரு கையிலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்தினார். அதன்பின் டாமி ஜான் மேஜர் லீகில் மேலும் 164 ஆட்டங்களை வென்றார். அவர் பெயரே அந்தச் சிகிச்சைக்கு நிலைத்துவிட்டது. இன்று அதைச் செய்துகொள்ளும் பிட்சர் மீண்டும் மேஜர் லீக் ஆட்டத்தில் வீசுவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகிறது. அதே சிகிச்சையை ஒரு பேட்டர் செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணியின் பேட்டர் பிரைஸ் ஹார்ப்பரைப் பார்க்கலாம். 2022 நவம்பரில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், 2023 மே 2 அன்று, அதாவது 160 நாட்களில், மட்டையோடு களத்தில் நின்றார். பந்தெறியவும் அடிக்கவும் வல்ல ஷோஹேய் ஓட்டானியின் கதை இதைவிடத் தெளிவானது. 2023 செப்டம்பரில் அவருக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது; 2024இல் ஓர் ஆட்டத்தில்கூட அவர் பந்து வீசவில்லை; ஆனால் அதே ஆண்டில் 54 ஹோம் ரன் அடித்து, 59 பேஸ்களைத் திருடி, தம் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். ஒரே உடலில், ஒரே பருவத்தில், பந்தெறியும் திறமையின் மதிப்பு சுழியமாக இருக்க, அடிக்கும் திறமையின் மதிப்பு உச்சத்தில் இருந்தது. இந்த வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மட்டையைச் சுழற்றும்போது இரு கைகளும் இடுப்பும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. பந்தெறிவதிலோ, பெரும் விசை ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறத்து நார் ஒன்றின்மீது விழுகிறது. இளம் பிட்சர் ஒருவரைத் தரவரிசையில் மேலே ஏற்றுவது வேகமும் பந்தின் திருப்பமும்தான். அந்த நாரைத் தேய்ப்பவையும் அவையே. மேஜர் லீக் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட காய ஆய்வறிக்கையின்படி, ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைலாக இருந்து 2024இல் 94.2 மைலாக உயர்ந்திருக்கிறது. மேஜர், மைனர் லீகுகள் இரண்டிலுமாக டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 2010இல் 104 பேர். 2024இல் 281 பேர். ஆகவே 100 மைல் வேகத்தில் வீசும் இளைஞரை வாங்குபவர், அவருடைய திறமையோடு அந்தத் திறமையால் வரக்கூடிய காயத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

இங்கேதான் விதிமாற்றங்கள் பற்றிய விவாதம் வருகிறது. 2023இல், பிட்சர் அடுத்த பந்தை வீசக் காலவரம்பு விதிக்கும் பிட்ச் கிளாக் வந்தது. பேஸில் ஓட்டக்காரர் இல்லையென்றால் 15 நொடி, இருந்தால் 20 நொடி. 2024இல் அந்த 20 நொடியும் 18 ஆகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் முன்னணிப் பிட்சர்கள் அடுத்தடுத்துக் காயமடைந்தபோது, வீரர் சங்கத் தலைவர் டோனி கிளார்க் இந்தக் கடிகாரத்தைக் குறை சொன்னார். லீக் நிர்வாகம் அதை மறுத்தது. பின்னர் வந்த அறிக்கையும் கடிகாரத்தைக் குற்றம் சாட்டவில்லை. முழு வேகத்தில் வீசிய கைக்கு அடுத்த பந்துக்கு முன் ஓய்வு குறைகிறது என்னும் வாதத்தை என்னால் முற்றாகத் தள்ள முடியவில்லை. எனினும் வேகமும் அறுவை சிகிச்சைகளும் ஏறத் தொடங்கியது கடிகாரத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே என்பதால், அதை முதற்காரணமாகவும் கொள்ள முடியவில்லை. வீரர் மதிப்பைக் கணிப்பவருக்கு யார் சொல்வது சரி என்பது பெரிதன்று. இரண்டில் எது உண்மையானாலும் இழப்பு பிட்சருக்கே.

கடிகாரத்தோடு வந்த மற்ற விதிகள் பேட்டர்களுக்கு நேரடியாகவே கொடுத்தன. பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆகப் பெரிதானது. ஒரு பேட்டர் ஆடும்போது பிட்சர் பேஸை நோக்கி வீசுவது போன்ற விலகல்கள் இரண்டாக வரையறுக்கப்பட்டன. 2022இல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டுகள் 2023இல் 3,503 ஆயின. சூரியோவைப் போல வேகக் காலும் வலுவான மட்டையும் சேர்ந்த இளைஞருக்கு இது கூடுதல் மதிப்பு. நான் அவரைத் தேர்ந்ததில் இந்தக் கணக்கும் இருந்தது.

ஆனால் இவற்றைவிட ஆழமான மாற்றம் 2022இல் வந்தது என்பது என் கருத்து. அந்த ஆண்டில்தான் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலும், டிஎச் என்னும், களத்தடுப்பு இல்லாமல் அடிப்பதற்கு மட்டுமேயான இடம் நிலையானது. அதே ஏப்ரலில் முழங்கை நார் கிழிந்த ஹார்ப்பர், பந்தைத் தூக்கி எறிய முடியாத நிலையிலும், டிஎச் ஆக ஆடி ஃபிலீஸ் அணியை உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டி வரை கொண்டு சென்றார். நேஷனல் லீக் அணியான டாட்ஜர்ஸுக்காக ஓட்டானி ஆடிய 2024 பருவமும் அந்த விதியால்தான் சாத்தியமானது. பழைய விதி நீடித்திருந்தால் இருவரும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். அடிக்கும் வீரரின் கைக்கு இந்த விதி காப்பீடு போல அமைந்துவிட்டது. பிட்சரின் கைக்கு அத்தகைய காப்பீட்டை எந்த விதியும் இன்னும் தரவில்லை.

இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியவை வலுவானவை. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி, புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2009இல் முதல் தேர்வாக ஸ்டீவன் ஸ்டிராஸ்பர்க் என்னும் பிட்சரையும், 2010இல் முதல் தேர்வாக ஹார்ப்பரையும் எடுத்தது. ஸ்டிராஸ்பர்க் முதல் ஆட்டத்தில் 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார். ஹார்ப்பர் இருமுறை லீகின் சிறந்த வீரரானார். ஆனாலும் நேஷனல்ஸுக்கு 2019 உலகத் தொடர் வெற்றி கிடைத்தது ஹார்ப்பர் அணி மாறிப் போன பிறகு. அந்தத் தொடரின் சிறந்த வீரர் ஸ்டிராஸ்பர்க். இறுதிச் சுற்றுகள் நடக்கும் அக்டோபர் மாதத்தில் ஒரு பெரிய பிட்சருக்கு ஈடில்லை என்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அதே சமயம், அந்த வெற்றிக்குப் பின் 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்ற ஸ்டிராஸ்பர்க், அதன்பின் எட்டு ஆட்டங்களில் மட்டுமே வீச முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2023 டிராஃப்ட் என் கருத்தை இன்னும் நேராக எதிர்க்கிறது. ஒரே லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியிலிருந்து முதல் தேர்வாகப் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் பைரேட்ஸுக்கும், இரண்டாம் தேர்வாகப் பேட்டர் டிலன் க்ரூஸ் நேஷனல்ஸுக்கும் போனார்கள். ஸ்கீன்ஸ் 2024இல் சிறந்த புதுமுகமாகவும், 2025இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதாளராகவும் ஆனார். க்ரூஸ் இன்னும் காலூன்றவில்லை. எங்கள் லீகில் ஸ்கீன்ஸை வைத்திருப்பவரிடம் என் கணக்கைச் சொன்னால் அவர் ஏற்க மாட்டார், அதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகத் தம் பொறுப்பில் 1.97 ஓட்டம் மட்டுமே கொடுத்த ஸ்கீன்ஸின் வெற்றி தோல்விக் கணக்கு 10–10 என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டுவேன்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறந்த பிட்சர்கள் டிராஃப்டின் உச்சியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஜேக்கப் டிகிராம் 2010இலும், டாரிக் ஸ்கூபல் 2018இலும் ஒன்பதாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். இருவருமே டாமி ஜான் சிகிச்சைக்குப் பின் வளர்ந்து, ஆளுக்கு இருமுறை சை யங் விருதை வென்றார்கள். குறைந்த விலையில் பிட்சர் கிடைக்கக்கூடும் என்னும்போது, என்னிடமுள்ள மிக உயர்ந்த இடத்தை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

விதிகள் மறுபக்கம் திரும்பவும் கூடும். இப்போது 26 பேர் கொண்ட அணியில் 13 பிட்சர்கள் வரை இருக்கலாம். இந்த எண்ணிக்கையைக் குறைத்தாலோ, தொடக்கப் பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் முடிக்காவிட்டால் டிஎச் இடம் பறிபோகும் என்று தனி லீகான அட்லாண்டிக் லீகில் சோதித்துப் பார்த்த விதியை மேஜர் லீக் ஏற்றாலோ, பிட்சர்கள் வேகத்தை அடக்கி நீண்ட நேரம் வீசப் பழக வேண்டியிருக்கும். அப்போது என் தராசை மறுபடி சரிபார்ப்பேன். 2026 பருவத்துக்கென அனுமதிக்கப்பட்ட, ஸ்ட்ரைக் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடும் ஏற்பாடு யாருக்குச் சாதகம் என்பதைத் தீர்மானிக்க ஒரு பருவம் போதாது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போதைக்கு நான் வைத்திருக்கும் விதி இதுதான்: உயர்ந்த இடத்தில் பேட்டர், பிட்சரென்றால் சிகிச்சையை முடித்துத் திரும்பி, மீண்டும் வேகமாக வீசத் தொடங்கியவர் மட்டும், அதுவும் பின் சுற்று விலைக்கு. அந்த அடிப்படையில், 2025 பருவம் முடிந்ததும் அதே நண்பரிடம் பெரெஸைத் திரும்பக் கேட்டேன். சூரியோவைத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது, ஆறாம் சுற்றுத் தேர்வு ஒன்றைத் தருகிறேன் என்றேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.