கஞ்சாவுக்கு எந்தச் சட்டம்? பாக் நீரிணைக் கரையில் நின்று ஓர் ஒப்பீடு

ராமேசுவரம் தீவின் அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நடுவில் மணல் தீடைகள். இந்தக் குறுகிய கடலில் இரவோடு இரவாகப் போய்வரும் சரக்குகளில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மஞ்சள் நம் பக்கம் மளிகைக் கடைச் சரக்கு. 2019 டிசம்பரில் இலங்கை அதன் இறக்குமதியைத் தடை செய்ததும் மூட்டை மூட்டையாகப் படகேறியது. கடல் அட்டை நேர் எதிர். இங்கே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டாலே வழக்கு. அக்கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். அதனால் வேதாளை, மண்டபம் பக்கம் அவித்து உலர்த்தி அங்கே அனுப்புகிறார்கள். தங்கத்தை இரு கரையிலும் கடையில் வாங்கலாம், வரியை மிச்சம் பிடிக்கத்தான் அது படகில் வருகிறது. கஞ்சா இரு கரையிலும் குற்றம். அதுவும் போகிறது. யாழ்ப்பாணத்தில் அதற்கு "கேரளா கஞ்சா" என்று பெயர். ஆனால் பெரும்பாலும் அது ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து லாரியிலும் காரிலும் இங்கே வந்து சேர்ந்த சரக்கு.

ஒரு கரைக்கும் மறு கரைக்கும் உள்ள விலை வித்தியாசம்தான் படகை நகர்த்துகிறது என்பதற்கு இந்த நான்கு சரக்குமே சாட்சி. ஆகவே தடையால் கடத்தல் நிற்கும் என்பவர்கள் சொல்வதும் பாதி உண்மை, தடையை நீக்கினால் நிற்கும் என்பவர்கள் சொல்வதும் பாதி உண்மை. இந்தியா நாளைக்கே கஞ்சாவை அனுமதித்தாலும், இலங்கையில் தடை இருக்கும்வரை இந்தக் கரையிலிருந்து அது போய்க்கொண்டுதான் இருக்கும். மஞ்சளுக்கு நடந்தது அதுதான். எனவே "கடத்தல் நிற்குமா" என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துச் சட்டங்களை ஒப்பிட்டால் எல்லாமே தோற்றுப்போகும். யார் சிறைக்குப் போகிறார், பயன்படுத்துபவர் கைக்கு என்ன சரக்கு வருகிறது, நோயாளி பயமில்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடிகிறதா என்று கேட்டால்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும்.

முதல் வழி: இப்போதுள்ள முழுத்தடை

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல மாகாணங்களில் கஞ்சா கலால் உரிமத்தோடு விற்ற பொருள். 1893-94இல் ஆங்கிலேய அரசு அமைத்த ஆணையம் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, மிதமான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, முழுத்தடை தேவையில்லை, வரியும் உரிமமும் வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்று ஏழு தொகுதிகளில் எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கை சொன்னதற்கு நேர் எதிர்த்திசையில் 1985 சட்டம் போனது.

இன்றைய கணக்கு எடையை வைத்து நடக்கிறது. கஞ்சா 1 கிலோ வரை "சிறு அளவு": ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை: பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 20 கிலோவைத் தாண்டினால் "வணிக அளவு": குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20.

இது கரையில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சரக்கு பெரும்பாலும் 2 கிலோ பொட்டலங்களாக டேப் சுற்றி வரும். பத்துப் பொட்டலம் ஏறிய வள்ளத்துக்கு ஒரு சட்டம், பதினோராவது ஏறிவிட்டால் வேறு சட்டம். வணிக அளவு என்றானதும் 37ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும். இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே போனால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றமே திருப்திப்பட்டால்தான் ஜாமீன். மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். இங்கே அதற்கு 180 நாள். ஒரு நடைக்குக் கூலி வாங்கிய படகோட்டி உள்ளே இருப்பார். மலையில் விளைவித்தவரும், பணம் போட்டவரும், அக்கரையில் இறக்கிக்கொண்டவரும் வழக்குக் கட்டில் பெயராகக்கூட வராமல் போவது சகஜம்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கூலிக்கு ஆள் தேடுபவருக்கு அந்த மாதங்களில் ஆள் கிடைப்பது சுலபம். இதைச் சட்டப்புத்தகம் பார்ப்பதில்லை.

வழக்கு உடைவதும் இதே கடலால்தான். ரோந்துப் படகின் வெளிச்சம் தெரிந்ததும் பொட்டலங்களைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவை கரை ஒதுங்கினால் சரக்கு உண்டு, குற்றவாளி இல்லை. நனைந்த சரக்கின் எடை வேறு, உலர்ந்ததன் எடை வேறு. சட்டம் கஞ்சா என்று சொல்வது பூக்கதிர், காய்க்கதிரை மட்டுமே. கதிரோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. இலையை அரைத்துச் செய்யும் பாங்குக்கு வடக்கே உரிமத்தோடு கடை நடப்பது இந்த விலக்கால்தான். தண்டு, இலை, கதிர் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்து "22 கிலோ" என்று எழுதினால் அந்த எடையே விசாரணையில் கேள்விக்குள்ளாகும். 52A பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்காமல் விட்டாலும் அப்படித்தான். போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் 67ஆம் பிரிவில் எழுதி வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொன்னது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், தூபான் சிங் வழக்கில். அதுவரை 35 ஆண்டு அந்த வாக்குமூலங்களோடு எத்தனை பேர் மல்லுக்கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கொதிக்கிறது.

இத்தனைக்கும் பிறகு பயன்பாடு? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி கஞ்சா வகைகளைப் பயன்படுத்துபவர் 2.8 சதவீதம், சுமார் 3.1 கோடிப் பேர். மது 14.6 சதவீதம். இவர்களில் சட்டம் தடுக்காத பாங்கு மட்டும் பயன்படுத்துபவர்களைக் கழித்தாலும், முப்பத்து நான்கு ஆண்டுத் தடையால் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஏட்டளவில் குற்றவாளிகள் ஆனதுதான் மிச்சம்.

தடை செய்யும் பெரிய தீங்கு இன்னொன்று. மணமும் பருமனும் உள்ள சரக்கை மறைப்பது கடினம், சிறியதை மறைப்பது எளிது. கஞ்சாவில் வணிக அளவு 20 கிலோ. ஹெராயினில் 250 கிராம், ஒரு டிபன் பாக்ஸில் அடங்கிவிடும். சோதனை இறுக இறுக வியாபாரி வீரியம் கூடிய பொருளுக்கு மாறுவான். ஊருக்குள்ளும் அதே கதை. கஞ்சா கிடைக்காத பையன் வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறான். கரையாத துகள் ரத்தக்குழாயை அடைக்கும், சீழ் பிடிக்கும், ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றும். புகைத்திருந்தால் இவற்றில் எதுவும் வந்திருக்காது.

சாயல்குடி, கடலாடிப் பனங்காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பீர் அளவுக்குத்தான் அதில் சாராயம் இருக்கும். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 42.8 சதவீத பிராந்தியை அரசே விற்கிறது. மென்மையானதை மூடிக் கடுமையானதைத் திறந்துவைத்த சட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடு போகவேண்டியதில்லை.

இரண்டாவது: இன்னும் இறுக்குவது

இதற்கு நீண்ட அலசல் தேவையில்லை. 1989இல் இறுக்கினார்கள். மறுமுறை குற்றத்துக்கு மரண தண்டனையும் அப்போதுதான் வந்தது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளியை ஓராண்டு விசாரணையின்றி அடைக்கலாம். 2021 டிசம்பர் முதல் "கஞ்சா வேட்டை" சுற்றுச் சுற்றாக நடந்தது. இலங்கையில் 2 கிராம் ஹெராயினுக்கே மரணம் அல்லது ஆயுள் என்று 1984 முதல் சட்டம். அங்கேயும் ஹெராயினும் ஐஸ் என்கிற மெத்தாம்ஃபெட்டமினும் கிடைக்கின்றன. தண்டனை கூடும்போது கூலியும் கூடும், அந்தக் கூலிக்கு வர இன்னொரு ஏழை இருப்பார்.

மூன்றாவது: பயன்படுத்துபவரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுப்பது

போர்ச்சுகல் 2001 ஜூலை 1 முதல் செய்துவருவது இது. போதைப்பொருள் அங்கே சட்டப்பூர்வமாகவில்லை. விற்றால் சிறைதான். பத்து நாள் சொந்தத் தேவைக்குள் வைத்திருந்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல் மூவர் குழுவுக்குப் போகும். கஞ்சா என்றால் 25 கிராம், ஹெராயின் 1 கிராம், கொகெய்ன் 2 கிராம். சட்டம், உடல்நலம், சமூகப்பணி தெரிந்தவர்கள் உட்கார்ந்து, இவர் எப்போதாவது புகைப்பவரா, அடிமையானவரா என்று பிரித்துப் பார்ப்பார்கள். முன்னவரை எச்சரித்து அனுப்புவார்கள், பின்னவருக்குச் சிகிச்சை. ஊசி போடுபவர்களிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று அங்கே பெருமளவு குறைந்தது. பழைய ஊசிக்குப் புதிய ஊசி கொடுக்கும் திட்டமும், ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தும் கூடவே இருந்ததை மறந்துவிட்டு, சட்டத்திருத்தம் மட்டும் இதைச் செய்ததாகச் சொல்லக் கூடாது.

மறந்தவர்கள் பட்டபாடு ஒரெகானில் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் அந்த அமெரிக்க மாநிலம் தண்டனையை எடுத்துவிட்டு 100 டாலர் அபராதச் சீட்டு கொடுத்தது. ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் அபராதம் இல்லை. அழைத்தவர்கள் மிகக் குறைவு. சிகிச்சைக்கான பணம் மையங்களுக்குப் போய்ச்சேரத் தாமதமானது, அதே காலத்தில் ஹெராயினைவிட வீரியம் கூடிய ஃபெண்டனில் ஊருக்குள் புகுந்தது. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். சிகிச்சைக் கதவைத் திறக்காமல் சிறைக் கதவை மட்டும் திறந்தால் தெருவில்தான் போய் நிற்பார்கள்.

ஏர்வாடிக் கடற்கரை மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் அங்கே தீயில் கருகினார்கள். சிறைக்குப் பதில் மறுவாழ்வு என்று சொல்லிவிட்டு, பூட்டி அடிக்கும் தனியார் விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினால் அது சீர்திருத்தம் இல்லை. 2017 மனநல பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. போதை விடுதிகளிலும் அதைக் கறாராகப் பார்க்கவேண்டும்.

நான்காவது: அரசு கட்டுப்பாட்டில் விற்பது

இங்கே மூன்று மாதிரி, மூன்றும் ஒன்றல்ல.

உருகுவே 2013இல் சட்டம் செய்து 2017 ஜூலையில் மருந்தகத்தில் விற்கத் தொடங்கியது. பெயர் பதிவு, கைரேகை, மாதம் 40 கிராம் உச்சவரம்பு, விளம்பரம் கிடையாது. வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம். நடைமுறையில் இடித்தது வங்கி: அமெரிக்க வங்கிகளோடு தொடர்புள்ளவை மருந்தகங்களின் கணக்கை மூடப்போவதாக மிரட்டவே பல மருந்தகங்கள் விலகிக்கொண்டன. கனடா 2018 அக்டோபர் 17 முதல் நிறுவனங்களிடம் விட்டது. பங்குச்சந்தை வரை போனது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது, விற்பனை விதிகளை எழுதும் முன்பே. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. எடுத்த முடிவு தவறில்லை, வரிசை தவறு.

இவற்றில் உருகுவே மாதிரிதான் நமக்குப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. காரணம் டாஸ்மாக். 2003இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டபின், குடிப்பவர் கூடினால் கஜானா நிறையும் என்ற நிலை உண்டாகிவிட்டது. கஞ்சாவிலும் அதே தவறைச் செய்தால் இந்தத் தலைமுறை மன்னிக்காது. விற்பனை இலக்கு கூடாது, வருமானம் பொதுக் கணக்கில் சேராமல் சிகிச்சைக்கே போகவேண்டும், பொட்டலத்தில் வீரியம் அச்சிட்டிருக்கவேண்டும், 21 வயதுக்குக் கீழே கிடையாது. வீரியம் தெரியாத கலப்புச் சரக்கை ஒழிக்க இதைவிட நேரான வழி இல்லை.

ஹெராயினுக்கு இந்தக் கடை கூடாது. அதற்கு மருத்துவர்தான். 1994 முதல் சுவிட்சர்லாந்து, வேறு எதற்கும் மசியாத நோயாளிகளுக்குக் கண்காணிப்பில் ஹெராயினே கொடுத்துப் பிழைக்க வைக்கிறது.

இன்றே செய்யக்கூடியது

நாடாளுமன்றத்துக்காகக் காத்திராமல் செய்ய நிறைய இருக்கிறது. 64A பிரிவு: பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ சிக்கிய அடிமைநோயாளி, தானாக அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தால் வழக்கிலிருந்து விலக்கு. பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். 39ஆம் பிரிவு: அதே குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்ட அடிமைநோயாளியையே நீதிமன்றம் சிகிச்சைக்கு விடுவிக்கலாம். கைதானவருக்கு இந்த இரண்டையும் முதல் நாளே எடுத்துச் சொல்லும் வழக்கம் காவல் நிலையங்களில் வரவேண்டும்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு அடிமைநோய்க்கு மாற்று மருந்து, புப்ரினார்ஃபின் நாக்கடி மாத்திரை. கடைசி ஹெராயினிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் கழித்து, உடல்வலியும் மூக்கொழுகலும் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டு முன்னாலேயே கொடுத்தால் வேதனை ஒரேயடியாகக் கிளம்பும், அந்த நோயாளி திரும்பி வரமாட்டார். ஹெராயின் அளவு மீறி மூச்சு நின்று கிடப்பவருக்கு, அதை முறிக்கும் நலாக்சோன் ஊசி 0.4 மில்லிகிராம் தசையில், இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு வராவிட்டால் மறுபடி. ஒரு மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கிவிடும், ஹெராயின் உள்ளேயே இருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினால் வீட்டில் இறந்துபோகலாம். இந்த ஊசி ஒவ்வொரு 108 வண்டியிலும் தீவுப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கவேண்டும்.

கடைசியாக நேரம். புப்ரினார்ஃபினைத் தினமும் மையத்துக்கு வந்து செவிலியர் முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்வதே வழக்கம். காலை பத்து மணிக்குத் திறக்கும் மையம் கடலுக்குப் போகிறவருக்கு மூடிய மையம். பாம்பனிலும் தொண்டியிலும் படகு கரைசேரும் நேரத்தைப் பார்த்துக் கதவு திறக்கவேண்டும், நிலைப்பட்ட நோயாளி தங்கு கடலுக்குப் போகும்போது அத்தனை நாள் மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்பவேண்டும்.