புகையானுக்கு மருந்து: எது சிலந்தியை விட்டுவைக்கிறது?

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வயலில் தென்பட்டதும் பலரும் மருந்துக் கடையில் கேட்பது, எது உடனே கொல்லும் என்பதைத்தான். அடித்த பிறகு வயலில் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் மிஞ்சுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

காரணம் இருக்கிறது. புகையான் தன் முட்டைகளை இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. பச்சை நிற மிரிட் பூச்சியோ ஊசி போன்ற வாயை உள்ளே நுழைத்து முட்டையையே உறிஞ்சிவிடும். குஞ்சுகளை முதுகில் சுமந்தபடி தூர்களுக்கு (நெல்லின் கிளைத்தண்டுகளுக்கு) இடையே ஓடும் ஓநாய்ச் சிலந்தி, பொரித்து வந்தவற்றைப் பிடித்துத் தின்னும். இவை இரண்டும் செத்த வயலில் அடுத்த தலைமுறைப் புகையானுக்குத் தடையே இல்லை.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் விலை குறைவு, வேகம் அதிகம். ஆனாலும் புகையானுக்கு இவற்றைத் தொடவே கூடாது. இரைவிழுங்கிகளை அழிப்பதோடு, சாகாமல் தப்பும் புகையானை முன்னைவிட அதிகமாக முட்டையிடவும் தூண்டுகின்றன. இப்படி மருந்தடித்தே புகையானைப் பெருக்கிய இந்தோனேசியா, 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

இமிடாகுளோபிரிட் சிலந்திக்கு ஓரளவு பரவாயில்லை; மிரிட் பூச்சிக்குக் கொடிய நஞ்சு. பல இடங்களில் புகையானே இதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. பிறகு எதற்கு?

என் தேர்வு புப்ரோஃபெசின். தோலுரிக்கும்போது புதுத்தோல் உருவாகாமல் தடுப்பதால் இளம் பூச்சிகள் மடிகின்றன; சிலந்திக்கும் மிரிட்டுக்கும் பாதிப்பு மிகக் குறைவு. பலன் தெரியச் சில நாட்கள் ஆகும், வளர்ந்த பூச்சி நேரடியாகச் சாகாது. அந்த அவகாசத்தில் பொறுமையிழந்து வேறு மருந்தை அடித்தால் எல்லாம் வீண். 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தொடக்க நிலைக்குப் பொருந்தும்; வயல் திட்டுத்திட்டாகக் கருகத் தொடங்கிய பின் அது போதாது.

எதையும் வாங்குமுன் குத்துகளை (ஓரிடத்தில் நட்டு, பல தூர்கள் சேர்ந்து வளர்ந்த கொத்துகளை) விரித்துப் புகையானையும் சிலந்தியையும் எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அடிக்க நேர்ந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, தெளிப்பான் முனையைத் தூரின் அடிப்பகுதிக்குத் திருப்புங்கள். புகையான் இருப்பது அங்கேதான்.