பெருங்கடலைத் தாண்டும் டிராலர் படகுகள்: நோர்டாவனா, குரோகனா, டீசல் டக்கா?

டிராலர் என்ற பெயர் மீன்பிடி இழுவைப் படகிலிருந்து வந்தது. ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் பயணப் படகுகளில் பெரும்பாலானவை, கரை கண்ணுக்கு மறைந்தபின் வாரக்கணக்கில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. கிராண்ட் பேங்க்ஸ் 42 (இத்தகைய பெயர்களில் வரும் எண், ஏறக்குறைய அடிக் கணக்கில் படகின் நீளம்) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேக்கின் அழகும் அகன்ற சன்னல்களும் பெரும்பாலும் இரட்டை எஞ்சின்களும் கொண்ட அந்தப் படகைவிட இதமான கரையோரத் துணை அரிது. ஆயினும் தட்டையான பின்பகுதியும், ஏராவின் (படகின் அடி நடுமரத்தின்) காப்புக்கு வெளியே நிற்கும் இரண்டு புரொப்பல்லர்களும், ஓர் அலை முழுமையாக வந்து மோதினால் தாங்குமா என்று கேட்கவைக்கும் கண்ணாடிப் பரப்பும் அதைப் பெருங்கடல் பட்டியலிலிருந்து விலக்கிவிடுகின்றன.

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ராபர்ட் பீபி, தாமே வடிவமைத்த 'பேசேஜ்மேக்கர்' என்னும் ஐம்பதடிப் படகை 1963இல் சிங்கப்பூரில் கட்டுவித்து, பாயை நம்பாமல் டீசலை நம்பியே ஒரு சிறு படகு பெருங்கடல்களைக் கடக்க முடியும் என்று காட்டினார். அவர் வலியுறுத்திய அளவுகோல்கள் இன்றும் மாறவில்லை: தொட்டியில் எவ்வளவு டீசல், நீருக்கு மேலே தெரியும் உடலுக்கும் கீழே மூழ்கிய உடலுக்கும் என்ன விகிதம், பக்கவாட்டில் ஆடும் உருளலை எது அடக்கும், ஒற்றை எஞ்சின் நின்றால் அடுத்தது என்ன. கீழே வரும் நோர்டாவன், குரோகன், டீசல் டக், எஃப்.பி.பி. படகுகளை இந்தக் கேள்விகளைக் கொண்டே எடைபோட்டிருக்கிறேன். சமையலறையின் அழகையும் படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் விற்பனைச் சிற்றேடுகளுக்கே விட்டுவிடலாம்.

முதலில் டீசல் கணக்கு. நீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகின் உச்ச வேகம் அதன் நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளத்தைப் பொறுத்தது: மீட்டரில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் எல்லை வேகம் கிடைக்கும். 12 மீட்டர் நீர்க்கோடு உள்ள படகுக்கு அது 8.4 நாட். ஆனால் அந்த எல்லையை நெருங்க நெருங்க எஞ்சின் தன் சக்தியைத் தன் முன்னே எழும் அலையைத் தள்ளுவதிலேயே செலவிடும். ஆகவே இந்த அளவுப் படகில் நெடும்பயணத்தில் யாரும் 8 நாட்டில் ஓடுவதில்லை; 6 முதல் 7 நாட் வரைதான். வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் ஒரு கடல் மைலுக்கு எரியும் டீசல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பதால், இந்தப் பயணங்களில் பொறுமையே மிகப்பெரிய எரிபொருள் தொட்டி. நாற்பதடிகளில் உள்ள கனமான படகு நிதானமாக ஓடும்போது ஒரு கடல் மைலுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிடுவது பாதுகாப்பான தொடக்கம். மின்னாக்கியின் செலவு தனி. தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாத இருப்பாக வைத்தே பயணத் திட்டம் போட வேண்டும், ஏனெனில் எதிர்க்காற்றும் எதிர்நீரோட்டமும் எந்தக் கணக்கையும் மதிப்பதில்லை.

இந்தத் தராசில் நோர்டாவன் 46, கேடி-குரோகன் 42 ஆகிய இரண்டையும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். பயன்படுத்திய படகு வாங்குவோர் முன் நிற்கும் மெய்யான போட்டி இந்த இரண்டுக்கும் இடையேதான்.

நோர்டாவன் 46 முதன்முதலில் 1989இல் நீரில் இறங்கியது. எண்பதுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. கேடி-குரோகன் 42, ஜேம்ஸ் குரோகனின் வரைவில் 1970களின் இறுதியில் தொடங்கி 1997 வரை தைவானில் இருநூறுக்கும் மேல் கட்டப்பட்டது. இரண்டுக்கும் நீர்க்கோட்டு நீளம் ஏறக்குறைய 12 மீட்டர்தான். ஆனால் முழுச் சுமையில் நோர்டாவன் 27 டன்னை ஒட்டியும், குரோகன் 18 டன்னை ஒட்டியும் நிற்கின்றன. நோர்டாவனின் தொட்டிகள் சுமார் 3,800 லிட்டர் கொள்ளும்; குரோகனின் தொட்டிகள் சுமார் 2,650 லிட்டர். இருப்பைக் கழித்து, மைலுக்கு ஒரு லிட்டர் என்று கொண்டால், முன்னதற்கு 3,000 கடல் மைலுக்குச் சற்று மேல், பின்னதற்கு 2,100.

இந்த எண்களைக் கடல் வரைபடத்தின்மேல் வைத்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் ஏறக்குறைய 2,200 கடல் மைல். கனேரித் தீவுகளிலிருந்து பார்படோஸ் 2,700. நோர்டாவன் இரண்டையும் இருப்பைத் தொடாமல் முடிக்கும். குரோகனை ஓட்டுபவர் ஹவாய்க்குப் புறப்படும் முன் இரண்டு முறை யோசிப்பார். அட்லாண்டிக்கில் கனேரியிலிருந்து நேரே கிளம்பாமல், கேப் வெர்டே தீவுகளின் மிண்டெலோ வரை தெற்கே இறங்கி டீசல் நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து சுமார் 2,100 கடல் மைலைக் கடப்பார். எடை குறைவு என்பதால் குரோகன் மைலுக்கு ஒரு லிட்டரைவிடக் குறைவாகவே எரிக்கும். 6 நாட்டுக்கு இறங்கிவிட்டால் கணக்கு இன்னும் தளரும். அதனால்தான் குரோகன் 42கள் பெருங்கடலைக் கடந்த வரலாறும் உண்டு. ஆனால் அதைச் செய்ய முடிவதும், அதற்காகவே கட்டப்பட்டிருப்பதும் ஒன்றாகிவிடாது.

கட்டுமானத்திலும் இதே மனப்பான்மை வேறுபாடு தெரிகிறது. நோர்டாவன் 46இல் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் படகின் அடியில் பொருத்திய மூடிய குழாய்களில் சுழல்கிறது. புகை நேராகப் புகைபோக்கி வழியே மேலேறுகிறது. கடல்நீரை உறிஞ்சும் பம்பும் அதன் ரப்பர் விசிறியும் முதன்மை எஞ்சினுக்குத் தேவையில்லை என்பதால், நள்ளிரவில் எஞ்சினை நிறுத்தவைக்கும் மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று அங்கேயே அற்றுப்போகிறது. இதற்கு விலையும் உண்டு: குடியிருப்பின் நடுவே புகைபோக்கி ஒரு தூணளவு இடத்தை அடைத்துக்கொள்ளும், கரித்துகள் மேல்தளத்தில் படியும், வெளிக்குழாய்களில் சிப்பிகள் ஒட்டினால் எஞ்சின் சூடேறும். குரோகன் 42இல் பெரும்பாலும் ஃபோர்டு லேமன் எஞ்சின் ஒன்று, கடல்நீர் கலந்து வெளியேறும் ஈரப்புகைக் குழாயோடு இருக்கும். பழைய, எளிய, கையால் பழுதுபார்க்கக்கூடிய எஞ்சின் அது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. என் தயக்கம் அதைச் சுற்றியுள்ள குழாய்களின்மீதும், குடியிருப்பின் பெரிய சன்னல்களின்மீதும்தான். அந்தச் சன்னல்களுக்குப் புயல் பலகைகள் உண்டா, அவற்றைப் பொருத்தும் துளைகள் உண்மையிலேயே பொருந்துகின்றனவா என்பதைத் துறைமுகத்திலேயே ஒருமுறை மாட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. எண்பதுகளின் தைவான் படகு என்றால், தேக்குத் தளத்தை இறுக்கிய திருகாணிகளின் வழியே நீர் இறங்கித் தளத்தின் உள்ளீட்டை மெதுவாக அழுகவைத்திருக்கவும் கூடும்.

ஒற்றை எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நோர்டாவன் தரும் விடை, பக்கத்தில் தனித் தண்டும் மடியும் புரொப்பல்லரும் கொண்ட ஒரு சிறு துணை எஞ்சின். அமைதியான நீரில் அது நான்கைந்து நாட் தரும். பலத்த எதிர்க்காற்றில் படகைத் திசைமாறாமல் வைத்திருப்பதே பெரிய சாதனை. பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கசடு படிந்த டீசல். அதே தொட்டியிலிருந்து துணை எஞ்சினும் குடித்தால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவே நிற்கும். தனித் தொட்டி இல்லாத துணை எஞ்சினை நான் பாதி எஞ்சினாகத்தான் எண்ணுவேன்.

உருளல் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும், ஏனெனில் மக்கள் பெருங்கடல் ஆசையைக் கைவிடுவதற்குப் புயலைவிட உருளலே அதிகம் காரணமாகிறது. நீரை விலக்கிச் செல்லும் உருண்ட அடிப் படகு, வியாபாரக் காற்றின் அலைகளைப் பின்பக்கத்தின் ஒரு மூலையில் வாங்கிக்கொண்டு பதினைந்து நாள் ஆடும்போது, சமைக்கவோ உறங்கவோ முடியாத களைப்பு, தவறான முடிவுகளில் கொண்டுபோய் விடும். படகின் இரு பக்கமும் நீருக்கடியில் நீண்டு, ஹைட்ராலிக் விசையால் இயங்கும் ஃபின்கள் (துடுப்புபோன்ற தகடுகள்) இதற்குச் சிறந்த மருந்து. பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் 2004இல் நோர்டாவன் பெயரில் நடந்த கூட்டுப் பயணத்தில் பதினெட்டுப் படகுகள் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து பெர்முடா, அசோர்ஸ் வழியாக ஜிப்ரால்டர் சென்றபோது, நடுக்கடலில் தொல்லை கொடுத்தவற்றுள் இந்த ஃபின்களும் இருந்தன. மற்றொரு வழி, இரு பக்கமும் நீட்டிய கம்பங்களிலிருந்து நீருக்குள் தொங்கவிடப்படும் 'மீன்' எனப்படும் உலோகத் தகடுகள். அரை நாட் வேகத்தைத் தின்றுவிடும், மாட்டவும் கழற்றவும் கை உழைப்பு வேண்டும், இரவில் கயிறு அறுந்தால் தகடு படகின்மேலேயே மோதலாம். ஆனால் அதில் கெடுவதற்குக் கயிறும் சங்கிலியும் தவிர வேறில்லை. நங்கூரமிட்ட இடத்திலும் அதே கம்பங்கள் உதவும். படகு ஓடாத வேளையில் சாதாரண ஃபின்களால் பயனில்லை. வாய்ப்பிருந்தால் இரண்டையும் வைத்திருக்கும் படகைத் தேடுவேன்.

டீசல் டக் இந்த இடத்தில்தான் தன் தனித்தன்மையைக் காட்டுகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் ஜார்ஜ் பியூலர் வரைந்து, சீனாவின் ஜூஹாயில் உள்ள சீஹார்ஸ் மரைன் எஃகில் கட்டிய இந்தப் படகுகளுக்குப் பாய்மரங்களும் உண்டு. அந்தப் பாய் உருளலைக் குறைக்கிறது, காற்று சாதகமாக இருக்கும்போது டீசலை மிச்சப்படுத்துகிறது, எஞ்சின் முற்றிலும் நின்றாலும் காற்றின் போக்கில் எங்காவது கரை சேர வழிவிடுகிறது. துணை எஞ்சின் என்ற கேள்விக்கு டீசல் வேண்டாத விடை இது ஒன்றே. ஒடுங்கிய உடல், தாழ்ந்த கட்டடம், சிறிய சன்னல்கள் என எல்லாமே கடலுக்காக எழுதப்பட்டவை. கண்ணுக்கு அது பழைய மீன்பிடிப் படகுபோல் தெரிந்தால் அது குறையல்ல. எஃகு மிதக்கும் கொள்கலனையும் பவளப்பாறையையும் கண்ணாடியிழையைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் எஃகு வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து, கண்ணுக்கு எட்டாத மூலைகளில், தேங்கிய நீரில் துருப்பிடிப்பதே ஆபத்து. தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் இடத்துக்கு இடம் அளந்து பார்க்காமல் பழைய எஃகுப் படகை வாங்குவது சூதாட்டம். தூரிகையும் துருநீக்கியும் கையிலெடுக்கத் தயங்காதவருக்கு டக். மற்றவருக்கு அது இரண்டு ஆண்டில் சுமையாகும்.

எஃப்.பி.பி. 64ஐப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, அதைப் பெரும்பாலோர் வாங்கப் போவதில்லை என்றாலும். பாய்ப்படகு வடிவமைப்பில் பேர்பெற்ற ஸ்டீவ் டாஷ்யூ வரைந்து, நியூசிலாந்தின் வாங்காரெயில் அலுமினியத்தில் கட்டப்பட்டது. முழுச் சுமையில் அதன் எடை 40 டன் அளவில், அதாவது நோர்டாவன் 47இன் எடைக்கு அருகில்தான். ஆனால் நோர்டாவன் 47 அந்த எடையை 13 மீட்டர் நீர்க்கோட்டில் ஏற்றிக்கொண்டு 7 நாட்டில் நடக்க, எஃப்.பி.பி. அதே எடையை 19 மீட்டருக்கு மேல் நீட்டி, 9.5 நாட்டில் நாள்தோறும் 220 கடல் மைலுக்கும் மேல் கடக்கிறது. ஒரே அளவு பொருளை உயரத்தில் அடுக்குவதா, நீளத்தில் பரப்புவதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் பார்த்ததில்லை. வேகம் என்பது இங்கே சொகுசைச் சேர்ந்ததே அல்ல. புயலின் பாதையிலிருந்து ஒரு நாள் முன்னதாக விலகும் ஆற்றல் அது. நீளத்திற்கு ஏற்பத் துறைமுகக் கட்டணமும் நீளும். வண்ணம் பூசாத அலுமினிய உடலில் செம்பு கலந்த அடிப்பூச்சைத் தவறிப் பூசினால் உலோகமே அரிக்கப்படும். கரைமின் இணைப்பில் கசிவு இருந்தாலும் அப்படியே.

இருவர் மட்டும் பயணிக்கிறார்கள், பழுதுபார்ப்பில் ஓரளவு பழக்கம் உண்டு, உலகைச் சுற்றும் எண்ணம் உறுதியானது என்றால் என் தேர்வு நோர்டாவன் 46. அதே நிறுவனத்தின் இன்னும் சிறிய 40 அடிப் படகே 2001 - 02இல் உலகைச் சுற்றி முடித்திருக்கிறது என்பதால் அளவு பற்றிய அச்சம் தேவையில்லை. வாழ்நாளில் ஒருமுறை அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டு மீதி ஆண்டுகளைத் தீவுகளுக்கிடையே கழிக்க விரும்புவோர் குரோகன் 42ஐ வாங்குவதே அறிவு. நோர்டாவனின் கூடுதல் ஒன்பது டன்னை அவர்கள் ஒவ்வொரு நாளும் வீணாகச் சுமக்க வேண்டியதில்லை.

எதை வாங்கினாலும் ஆய்வாளரைத் தொட்டி மூடிகளைத் திறக்கச் சொல்லுங்கள். பல பழைய படகுகளில் டீசல் தொட்டியின் சில அறைகளுக்குக் கை நுழையும் வழியே இருக்காது. இருபது ஆண்டுக் கசடு அடியில் அமைதியாகக் கிடக்கும், முதல் பெரிய அலையில் கலங்கி வடிகட்டிகளை அடைக்கும் வரை. சோதனை ஓட்டத்தையும் காற்றில்லாத காலையில் நடத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். அலை இரண்டு மீட்டர் எழும் நாளுக்குக் காத்திருந்து, ஃபின்களை அணைத்துவிட்டு, அலைக்குக் குறுக்கே அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, அப்போது எஞ்சின் அறைக்குள் இறங்கி வடிகட்டியை உங்கள் கையாலேயே மாற்றிப் பாருங்கள்.